ஆரஞ்சு விளக்கில் பேசியவர்

இட்லியை ஒரு வாய் வாங்கிக்கொண்ட அப்பா, “அபாரமான பிடி, எதிரணி ஆல் அவுட்” என்று சொன்னதும்தான் பெட்டியில் ஏதோ கோளாறு என்று எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. பாராட்டு எந்த ரூபத்தில் வந்தால் என்ன என்று, அடுத்த விள்ளலைச் சட்னியில் பிசைந்து அவர் வாயருகே கொண்டுபோனாள்.

“கேட்டியா சுடரு, உங்கப்பா இப்பெல்லாம் என்னமாப் பேசறாரு” என்றாள். “முந்தியெல்லாம் தட்டையே பாத்துத் தின்னுபோட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.”

“அம்மா, அவரு கபடி மேட்ச்சுக்குப் பேசறதை இட்லிக்குப் பேசறாரு.”

“பேசட்டுமே. உனக்கென்ன வந்துச்சு.”

அவிநாசி வட்டாரத்தில் சென்னியப்பன் என்றால் யாருக்கும் தெரியாது, மைக் சென்னியப்பன் என்றால்தான் தெரியும். எந்த ஊரில் கபடிப் போட்டி நடந்தாலும் வர்ணனைக்கு எங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டையை ஒரு வாதம் வந்து அடைத்துவிட்டது. கைகால் போயிற்று, கழுத்து நிற்கவில்லை. வாய் மெல்லும், விழுங்கும், ஆனால் ஒரு சொல் வராது. கண் மட்டும்தான் அவர் பேச்சைக் கேட்டது. ஒரு தடவை இமைத்தால் ஆமாம், இரண்டு தடவை இமைத்தால் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் குடும்பம் நடத்தினோம்.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெட்டி. அப்பாவின் காதுக்குப் பின்னால் ஆபரேஷன் செய்து ஒரு தகடு வைத்தார்கள். அவர் பேச நினைப்பதைத் தகடு பிடித்துக் காற்று வழியே அனுப்பும். வீட்டில் இருக்கிற சர்வர் அதை வாங்கிச் சொல்லாக்கி, கட்டிலில் மாட்டிய ஸ்பீக்கரில் அவருடைய பழைய குரலிலேயே பேசும். சர்வர் தங்கள் இடத்திலேயே இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அப்பா படபடவென்று இரண்டிரண்டாக இமைத்தார். மண்டைக்குள் இருப்பது வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது என்று அதற்கு அர்த்தம். சரி என்று வீட்டிலேயே வைத்தோம். இன்வெர்ட்டர் லைன் சமையலறையில் மட்டும்தான் இருந்தது, அதனால் பெட்டி அடுப்பு மேடைக்கு மேலே அலமாரியில் ஏறிக்கொண்டது. குரலுக்காக அப்பாவின் பழைய வர்ணனைப் பதிவுகளையும், ஊருக்கெல்லாம் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களையும் ஒன்று விடாமல் ஏற்றியவள் நான்தான்.

நான் பனியன் கம்பெனியில் பின்னல் மெஷின்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள். கோளாறு என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதைப் பிடிக்கும் வரை எனக்குச் சோறு இறங்காது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, முந்தானையை, இல்லை, துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு அலமாரி முன்னால் ஸ்டூலைப் போட்டேன். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ரெக்ஸ்லினுக்கும் நிச்சயம். அதற்குள் அப்பாவின் பேச்சு திருத்தமாக இருக்க வேண்டும். சபையில் மாப்பிள்ளையைப் பார்த்து ‘எதிரணி ஆல் அவுட்’ என்று சொல்லிவிட்டால் என் மானம் என்னாவது?

பெட்டியின் வயிற்றைத் தோண்டியதில் ஒரு விஷயம் உடனே தெரிந்தது. சர்வரில் குற்றம் இல்லை. தகட்டிலிருந்து வருவதை வாங்குகிற வயர்லெஸ் கார்டு, விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை, அதுதான் திடீர் திடீரென்று லைனை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. கார்டு நன்றாக இருந்தால் முன்பக்கம் பச்சை விளக்கு எரியும். லைன் விட்டால் ஆரஞ்சு. ஆரஞ்சு எரிவதை நாங்களும் பார்த்திருக்கிறோம். சிக்னல் கொஞ்சம் கம்மி போல என்று விட்டுவிட்டோம்.

ஆசாமியைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குதூகலம். முதலில், சும்மா இருக்கும்போது கார்டு தூங்கப் போகாதபடி அந்த அமைப்பை நிறுத்தினேன். சரியாகவில்லை. கார்டை ஓட்டுகிற மென்பொருளைப் புதுசாகப் போட்டேன். அப்பா இரண்டு மணி நேரம் தெளிவாகப் பேசினார், எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் மறுபடி ஆரஞ்சு. பக்கத்து வீட்டு வைஃபை இடிக்கிறதோ என்று அலைவரிசையை மாற்றினேன். மைக்ரோவேவ் அடுப்பை முன் அறைக்குத் தூக்கிப்போனேன். ஆன்டெனா ஒயரைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் இதுதான், இதேதான் என்று கத்திக்கொண்டு ஸ்டூலிலிருந்து குதிப்பேன். மறுநாள் காலையில் இட்லித் தட்டு முன்னால் அப்பா, “பாடி வருகிறார், பாடி வருகிறார், தொட்டுவிட்டுத் திரும்புகிறார்” என்பார்.

மனசு ஆறாமல் ஹெல்ப்லைனைக் கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினாள்.

“ஆரஞ்சு எரியுதா மேடம்? அப்ப தொடர்ச்சியில இருக்கு.”

“தொடர்ச்சின்னா என்னங்க?”

“லைன் விட்டு விட்டு வந்தா பேச்சு பாதி பாதியா நிக்கும். கேக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கும் இல்லையா? அதனால அந்த நேரத்துக்கு, அவர் என்ன சொல்லியிருப்பார்னு பெட்டியே கணிச்சுப் பேசிடும். பழைய பதிவு ஏத்தியிருப்பீங்களே, அதுலேர்ந்து எடுத்துக்கும்.”

“ஓ, அதுதான் கபடி வருதா. அந்தக் கணிப்பை நிறுத்த முடியாதுங்களா?”

“நிறுத்தலாம் மேடம். யாரும் நிறுத்தச் சொல்றதில்ல.”

“சரி, கார்டையே மாத்திப் போட்டா?”

“கார்டும் தகடும் ஜோடி மேடம். புதுக் கார்டுன்னா புதுத் தகடு. மறுபடி ஆபரேஷன் பண்ணணும். கூடுமானவரை இதையே சரி பண்ணிப் பாருங்க.”

அப்போதே என் மண்டையில் ஒரு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. கபடி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்ததே போதும் என்று, கார்டு ஏன் விடுகிறது என்பதிலேயே புத்தி நின்றது.

விடை தானாகவே வந்து சேர்ந்தது. புதன்கிழமை அம்மா விடியற்காலையிலேயே கருணாம்பிகை சன்னதிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். நிச்சயத் தாம்பூலத்தை அம்மன் முன்னால் வைத்து எடுத்து வர வேண்டுமாம். நான் அப்பாவுக்குப் பாலில் ரொட்டியை நனைத்து ஊட்டினேன். ஒரு வாய் உள்ளே போனதும், “இதென்ன கண்ணு, காய்ச்சக்காரனுக்குக் குடுக்கறதாட்டம்” என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சை. ரொட்டி முழுக்கத் தீரும் வரை பச்சை. இந்த வேட்டை தொடங்கியதிலிருந்து காலை வேளையில் பச்சையை நான் பார்த்ததே இல்லை.

இன்றைக்கு என்ன இல்லை? அம்மா இல்லை. அம்மா இல்லையென்றால் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லையென்றால் இட்லி இல்லை. இட்லி இல்லையென்றால், அட, ஆவி இல்லை.

கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அலமாரிக்கு அடியில் நீட்டினேன். மூக்கிலிருந்து ஆவி புசுபுசுவென்று பெட்டிக்குள் ஏறியது. பச்சை ஒரு தரம் நடுங்கி, ஆரஞ்சாயிற்று. உள் அறையில் ஸ்பீக்கர், “வணக்கம், வணக்கம், அனைவருக்கும் வணக்கம்” என்றது. கெட்டிலை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பச்சை. மறுபடி நீட்டினேன். ஆரஞ்சு. நான் போட்ட கூச்சலில், அப்போதுதான் கோயிலிலிருந்து படியேறி வந்த அம்மா தாம்பூலத் தட்டை நழுவவிடப் பார்த்தாள். இப்படி அப்பாவின் பேச்சைப் பிடுங்கிப் பிடுங்கி விளையாடுகிறோமே, ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியின் பக்கக் கதவைத் தள்ளி, கார்டை மெதுவாக உருவி வெளிச்சத்தில் பிடித்தேன். நடு நெற்றியில் மூன்று விரல் சந்தனம். அதன்மேல் சின்னதாகக் குங்குமம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“அம்மா, இங்க வாங்க. இதென்னது?”

அம்மா எட்டிப் பார்த்து முகம் மலர்ந்தாள். “ஆயுத பூசைக்கு வெச்சது. இன்னும் அப்படியே இருக்குது பாரு.”

“பெட்டி மேல வெக்க மாட்டீங்களா?”

“மேல வெச்சா அது தகரத்துக்கு வெச்சதுதான? உள்ள இருக்கற இந்தத் துணுக்குத்தான் அப்பா பேசறதைக் கொண்டாருதுன்னு நீதான சொன்ன. அதுக்குத்தான வெக்கோணும். கதவைத் தள்ளி, இதைக் கண்டுபிடிச்சு, அசையாம வெச்சேன்.”

அவள்மேல் கோபம் வரவில்லை. அதே நாள் கம்பெனியில் பின்னல் மெஷின் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைத்தவள்தானே நான். காய்ந்த சந்தனம் மண் மாதிரி சும்மா கிடக்கும். ஈரம் பட்டால் ஊறிக்கொண்டு, கார்டின் தங்கப் பற்களுக்கு நடுவே மின்சாரத்தைக் கசியவிடும். ஐப்பசி மழையில் நாள் முழுக்க அப்பா உளறியபோது உடம்புக்கு முடியவில்லை போல என்று விட்டோமே, அதற்கும் இதுதான் காரணம். எல்லாம் பளிச்சென்று பொருந்திவிட்டது. இதைச் சொல்ல எனக்கு ஒரு காது வேண்டியிருந்தது. மொட்டைமாடிக்கு ஓடி ரெக்ஸ்லினுக்குப் போன் போட்டேன்.

ரெக்ஸ்லினுக்கு மணப்பாடு. திருப்பூரில் சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற ஆலையில் வேலை பார்க்கிறான். நான் மூச்சு விடாமல் ஆவி, சந்தனம், கணிப்பு, கபடி எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நடுவில் சிரிப்பு நின்றது.

“ஒரு நிமிசம் இரு சுடர். அப்ப காலையில இட்லி அவிக்கிற நேரத்துல பேசுதது மாமா இல்ல, பெட்டி. அப்படித்தான?”

“ஆமா.”

“மார்கழில நம்ம விஷயத்துக்கு மாமா சரின்னு சொன்னாங்கல்லா. அது எந்த நேரம்?”

அந்தக் காலை அப்படியே கண்ணுக்குள் இருந்தது. ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு, காலையில் கட்டில் அருகே போய் நின்று சொன்னேன். ‘ரெக்ஸ்லின்னு ஒருத்தருங்கப்பா. தூத்துக்குடிப் பக்கம். கிறிஸ்டியனுங்க. எனக்குப் பிடிச்சிருக்குது.’ ஸ்பீக்கர், ‘உன் இஷ்டம் கண்ணு, நல்லா இரு’ என்றது. அதைக் கேட்டுக்கொண்டே அம்மா உள்ளே வந்தாள். அவள் கையில் இட்லித் தட்டு. இட்லியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

உன் இஷ்டம் கண்ணு. நான் சென்னையில் படிக்கப் போக வேண்டும் என்றபோது அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். ஸ்கூட்டி வாங்கவா என்று கேட்டபோதும் அதேதான். முடியை வெட்டிக்கொள்ளவா என்று கேட்டதற்கும் அதுவே. அத்தனையையும் என் கையாலேயே பெட்டியில் ஏற்றியிருந்தேன்.

“சுடர், இருக்கியா?”

“இருக்கேன். நிச்சயம் முடியட்டும் ரெக்ஸ். அதுக்கப்புறம் துடைச்சுக்கறேன்.”

“எதை?”

“கார்டை. சந்தனம் அப்படியே இருக்கட்டும். நாலு நாள்தான. ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லியாச்சு. அப்பாவே சம்மதிச்சாருன்னு சொல்லித்தான் அம்மா அத்தனை பேரு வாயையும் அடைச்சுது. இப்பப் போய் மறுபடி கேட்டு, அவரு வேண்டாம்னுட்டா?”

“எங்க அம்மையும் அவங்க சம்மதிச்சாங்கன்னுதான் மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனா. சம்மதிச்சது ஒரு பெட்டின்னா, நான் யாரு முன்னால வந்து உக்காருதது?”

“உத்தமன் வேஷம் போட இதுவா நேரம்? நின்னுபோறது என் கல்யாணம்.”

“என் கல்யாணமும்தான். நான் கோவிச்சுட்டுச் சொல்லல. உங்கப்பாவுக்குன்னு மிச்சம் இருக்கது அந்த ஒரு சொல்லுதான். அதையும் நாம எடுத்துக்கிட்டா என்ன நியாயம்?”

போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம். திரும்பினால் மாடிப்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“அப்ப, காலையில இட்லி திங்கறப்பப் பேசறது அவரில்லியா?” என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

“இட்லி பஞ்சாட்டம் இருக்குதுன்னாரே?”

“அது சேலத்துல ஏதோ ஓட்டல் இட்லியைப் பத்திச் சிநேகிதருக்கு அனுப்புனதும்மா. பழசு.”

அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன் கருணான்னு ஒருக்கா சொன்னாரு. அது யாருக்கு அனுப்புனது?”

“எனக்குத் தெரியலீங்கம்மா.” நிஜமாகவே தெரியாது. தேடினால் கிடைத்துவிடும். தேட எனக்குத் தைரியம் இல்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையால் முகத்தை ஒரு துடை துடைத்துக்கொண்டு, “துடைச்சுப் போடு” என்றாள்.

“அம்மா, நான் என்ன சொல்றேன்னா…”

“வெச்சது நான். நாந்தான சொல்லோணும். இத்தனை வருசம் பேசாத மனுசனோடவே இருந்து பழகிப்போச்சு. பேசாட்டிப் போவுது. எனக்கு அவரு வேணும், அவராட்டம் பேசறது வேண்டாம். உன்ற கதையை நீ அவருகிட்டயே கேட்டுக்க. அவரு வேண்டாம்னா நானும் நீயும் அவரோட உக்காந்து சண்டை போடலாம். பெட்டியோட என்னத்தைச் சண்டை போடறது?”

கீழே இறங்கினேன். பெட்டி அணைந்து கிடந்தது. ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. கட்டில் அருகே போய், “பேச்சு வரக் கொஞ்ச நேரம் ஆகுங்கப்பா, கார்டைச் சுத்தம் பண்றேன்” என்று சொன்னேன். சொன்ன பிறகு பதிலுக்காக என் தலை தன்னால் ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது. அது ஊமை என்று நினைவு வந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அப்பா ஒரு தடவை இமைத்தார். சரி என்று அர்த்தம். பெட்டி வந்ததிலிருந்து அவர் கண்ணைப் பார்த்து நான் பேசியதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் மட்டுமா? வீட்டில் யாருமே பார்க்கவில்லை. குரல் வருகிற பக்கம்தான் எல்லாரும் திரும்பினோம்.

பழைய பல் தேய்க்கும் பிரஷும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தனம் பொரிந்து வந்தது. இடுக்கில் இருந்ததை ஊசி முனையால் எடுத்தேன். தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன், கம்பெனியில் சர்க்யூட் போர்டுக்கெல்லாம் அதுதான் எங்கள் வைத்தியம். அடிக்கடி கை நின்றது. வேண்டுமென்றே மெதுவாகத் தேய்க்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, “அந்த மூலையில இன்னும் இருக்குது பாரு” என்று காட்டினாள். காய வைத்து, மாட்டி, மின்சாரம் கொடுத்தேன். பச்சை.

கெட்டிலை நீட்டினேன். ஆவி பெட்டியைச் சுற்றிக் குளித்தது. விளக்கு அசையவில்லை. என் கோளாறு வேட்டையிலேயே பெரிய வெற்றி அது. துள்ளிக் குதிக்க வேண்டிய இடத்தில் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

அம்மா சும்மா இருக்கவில்லை. மாவு எடுத்து ஒரு ஈடு இட்லி ஊற்றினாள். தட்டை எடுத்துக்கொண்டு அவள் முன்னே போக, நான் அலமாரியைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே போனேன். பச்சைதான். ஒரு வாய் ஊட்டினாள்.

“எப்படி இருக்குதுங்க?”

அப்பா மென்றார். விழுங்கினார். ஸ்பீக்கர் ஒரு கரகரப்புப் போட்டுவிட்டு, “உப்புக் கம்மி” என்றது.

அம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “அவரேதான் கண்ணு, அவரேதான்” என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டு உப்பு எடுக்கத் திரும்பினாள்.

“கருணா” என்றது ஸ்பீக்கர். அம்மா நின்றாள். “மாடிப்படில நீ கேட்டது எனக்கும் கேட்டுது. நீ இல்லாட்டி என்ன பண்ணுவேன்னு சொன்னது நான்தான். அன்னிக்கு இட்லி இல்ல. உப்புமா.”

அம்மா உப்பை மறந்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வேறொன்று மண்டையில் அடித்தது.

“அப்பா, அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா? இட்லி அவிஞ்சாத்தான் அது தானாப் பேசுதுன்னு?”

“இட்லி வாசம் வரும். அப்புறம் என் பேச்சு என்கிட்ட இருக்காது. அதுபாட்டுக்குப் பேசும். நான் கேட்டுட்டுக் கெடப்பேன். நாலே நாள்ல தெரிஞ்சுபோச்சு.”

“ஏனுங்க என்கிட்டச் சொல்லல? லைன் வர்ற நேரத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

“சொன்னா நீ சரி பண்ணிப்போடுவ. உங்கம்மா சிரிக்கறது நின்னுபோகும்.” கரகரப்பு. “நீயும் மறுபடி கேப்ப.”

தட்டை நீட்டினேன். அம்மா வாங்கிக் கீழே வைத்தாள்.

“மார்கழில நான் கேட்டனே, அன்னிக்கு…”

“அன்னிக்கு நான் ரெண்டு தடவை இமைச்சேன்.”

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். மூச்சை இழுத்துக்கொண்டு அப்பாவே தொடர்ந்தார்.

“வேண்டாம்னு நினைக்கிறேன். இஷ்டம்னு அது பேசுது. கண்ணைப் பாத்தாலாச்சும் தெரியும்னு இமைச்சேன். நீ ஸ்பீக்கரைப் பாத்துச் சிரிச்ச. அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல கண்ணு.”

“உப்புமா நாளு எத்தனையோ வந்துச்சேங்கப்பா. வேண்டாம்னு அப்பச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலாம்னு தெனமும் நெனைப்பேன். நீ அந்தப் பக்கத்து ரூம்ல அவனோட போன்ல பேசுவ. அவன் சொல்றது எனக்குக் கேக்காது, நீ பேசறது கேக்கும். மாமாவுக்கு முதுகுல புண்ணு வராம இருக்க என்ன மெத்தை நல்லதுன்னு அவன் கேக்கறான் போல, நீ பதில் சொல்ற. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்படியே நாளு போச்சு. நீ கேட்டிருந்தா வேண்டாம்னுதான் வந்திருக்கும். கேக்காம இருந்தது எனக்கு வசதியாப் போச்சு.”

“இப்பங்க?”

“பச்சை எரியுதான்னு பாரு. அப்புறம் கேளு.”

நான் சமையலறைக்குப் போகவில்லை. ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிக் கீழே போட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் அன்றைக்கும் சொல்லத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, கண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

“அப்பா, ரெக்ஸ்லினைக் கட்டிக்கட்டுங்களா?”

அப்பா இமைத்தார்.

நான் காத்திருந்தேன். அடுத்த இமைப்பு வந்தால் எல்லாம் முடிந்தது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் கண் திறந்தபடியே இருந்தது. ஃபேன் காற்றில் கண் காய்ந்து, ஓரத்தில் நீர் கட்டி, சிவந்து போயிற்று. அப்படியும் மூடவில்லை. மூடிவிட்டால் அதை இரண்டாவது இமைப்பு என்று எடுத்துக்கொண்டுவிடுவேனோ என்று பயந்து, வலிக்க வலிக்கத் திறந்தே வைத்திருந்தார்.

“போதும் மூடுங்கப்பா, எனக்குப் புரிஞ்சுது” என்று அழுதுகொண்டே அவர் இமையை நான்தான் கையால் மூடிவிட்டேன்.

மறுபடி ஒயரைச் சொருகியதும் அப்பா முதலில் கேட்டது ரெக்ஸ்லினுக்குக் கபடி தெரியுமா என்று. தெரியாது, ஃபுட்பால்தான் ஆடுவான் என்றேன். “ஃபுட்பாலா” என்றது ஸ்பீக்கர்.

“ஞாயித்துக்கெழம அவங்களுக்குக் காலைல பலகாரம் என்ன?” என்றார் பிறகு.

“இட்லிதானுங்க” என்றாள் அம்மா.

“இனி இட்லி ஊத்துனாலும் ஒண்ணும் ஆகாதுங்கப்பா. கார்டு பக்காவா இருக்குது. நான் கெட்டிலை வெச்சே பாத்துப்போட்டேன்” என்றேன் நான்.

“தெரியும் கண்ணு” என்றார் அப்பா. “இருந்தாலும் அன்னிக்கு ஒரு நாள் பூரி போடச் சொல்லு.”